திரைப்படம் குறித்த கருத்து: விருப்பமா, தீர்ப்பா?

ஒரு திரைப்படத்தையோ வலைத்தொடரையோ பார்த்து முடித்தவர் சொல்லும் கருத்தில் மூன்று கூற்றுகள் கலந்திருக்கும். ‘எனக்குப் பிடித்திருந்தது’ என்பது ஒன்று. ‘நன்றாக எடுத்திருக்கிறார்கள்’ என்பது இன்னொன்று. ‘இப்படியொரு படம் வரத்தான் வேண்டும்’, ‘இதையெல்லாம் காட்டக் கூடாது’ என்பவை மூன்றாம் வகை. முதல் கூற்று பார்த்தவரின் மனத்தைப் பற்றியது. இரண்டாவது படைப்பின் தரத்தைப் பற்றியது. மூன்றாவது, அந்தப் படைப்பு மனிதர்களுக்கு என்ன செய்கிறது என்னும் அறக் கேள்வி. பேச்சில் மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடுவதால் ஒன்றின் வலிமையை இன்னொன்றுக்கு ஏற்றிவிடுவது எளிது. பிடிக்காத படம் மோசமான படமாகிவிடுகிறது. உடன்பாடான கருத்தைச் சொல்லும் படம் சிறந்த படமாகிவிடுகிறது.

‘ரசனை அவரவர் விருப்பம், அதில் சரியும் இல்லை, தவறும் இல்லை’ என்பது பலரும் ஏற்கும் நிலைப்பாடு. ஆனால் அதைச் சொல்பவர்களே நடைமுறையில் அதைக் கடைப்பிடிப்பதில்லை. தமக்குப் பிடித்த படத்தை ஒருவர் ‘லேக்’ என்று தள்ளினால் அவர்கள் வாதாடுகிறார்கள். குறிப்பிட்ட காட்சியை எடுத்துக்காட்டுகிறார்கள். ‘இன்னொரு முறை பார்’ என்கிறார்கள். பாகற்காய் பிடிக்காது என்பவரிடம் யாரும் இப்படி வாதாடுவதில்லை. வாதாட முடிகிறது என்பதே, கருத்தில் வெறும் விருப்பத்துக்கு அப்பால் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. அது என்ன, அதைச் சரிபார்க்கும் வழி எது என்பது இந்தியச் சிந்தனையும் மேலைச் சிந்தனையும் நெடுங்காலம் ஆராய்ந்த கேள்வி. அவை கண்டடைந்த விடைகள் இன்றைய திரைக்கும் பொருந்துகின்றன.

நாட்டிய சாஸ்திரத்தின் பார்வையாளர்

பரதர் பெயரால் வழங்கும் நாட்டிய சாஸ்திரம் நாடகத்தின் வெற்றியை அரங்கத்தில் இருப்பவரைக் கொண்டே அளக்கிறது. பொது ஆண்டுத் தொடக்கத்தை ஒட்டிய நூற்றாண்டுகளில் உருவான அந்நூலின் 27ஆம் அத்தியாயம் பார்வையாளரின் இயல்பை விரிவாகப் பேசுகிறது. இளைஞர் காதலை விரும்புவர். அறிவுத் தேட்டம் உடையவர் கொள்கை விவாதத்தை விரும்புவர். வீரர் போரையும் சினத்தையும் விரும்புவர். முதியோர் புராணக் கதைகளில் மகிழ்வர். பற்று நீங்கியோர் விடுதலையைப் பற்றிய காட்சிகளில் தோய்வர். விருப்பம் வயதுக்கும் வாழ்வுக்கும் ஏற்ப வேறுபடும் என்பதை நூல் இயல்பாக ஏற்றுக்கொள்கிறது. அதில் அது குறை காணவில்லை.

அதே அத்தியாயம் மதிப்பீட்டைத் தனியே பிரிக்கிறது. போட்டியென்று வரும்போது தீர்ப்புச் சொல்லப் ‘பிராச்னிகர்’ எனப்படும் தேர்வாளர்கள் வேண்டும். வேள்வி அறிந்தவர், கூத்தர், யாப்பறிஞர், இலக்கண அறிஞர், அரசர், வில்லாளி, ஓவியர், கணிகை, இசைவாணர், அரச பணியாளர் ஆகியோர் அவர்கள். மேடையில் அம்பு எய்யும் நிலை சரியா என்று வில்லாளி சொல்வார். அரண்மனைப் பழக்கம் பொருந்துகிறதா என்று அரச பணியாளர் சொல்வார். காதல் நடிப்பில் உண்மை இருக்கிறதா என்று கணிகை சொல்வார். கல்வித் தகுதியும் சமூக உயர்வும் மட்டுமே இங்கே அளவுகோல் ஆகவில்லை. காட்டப்படும் பொருளை வாழ்ந்தோ பயின்றோ அறிந்தவர் எவரோ அவரே நடுவர்.

இந்தப் பகுப்பு இன்றைக்கும் பயன்படுகிறது. 2021இல் வெளியான ‘ஜெய் பீம்’ படத்தின் நீதிமன்றக் காட்சிகளைப் பற்றி வழக்கறிஞர் சொல்வதற்கும், அதில் வரும் இருளர் குடியிருப்பைப் பற்றி அந்தச் சமூகத்தவர் சொல்வதற்கும், அதன் படத்தொகுப்பைப் பற்றித் தொகுப்பாளர் சொல்வதற்கும் தனித்தனி எடை உண்டு. இவர்களில் எவரும் படத்தை முழுமையாக அளந்துவிட்டவர் ஆகமாட்டார். ஆனால் ஒவ்வொருவரும் மற்றவர் கண்ணுக்குத் தப்பிய ஒன்றைச் சுட்டிக்காட்ட வல்லவர். நல்ல பார்வையாளருக்கு உரிய குணங்கள் அனைத்தும் ஒருவரிடமே அமைவது அரிது என்று நாட்டிய சாஸ்திரமும் ஒப்புக்கொள்கிறது.

அபிநவகுப்தர் காட்டிய தடைகள்

நாட்டிய சாஸ்திரத்துக்கு உரை எழுதிய காஷ்மீரச் சிந்தனையாளர் அபிநவகுப்தர் 10, 11ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர். சைவத் தத்துவ அறிஞர். ரசம் எனப்படும் கலைச்சுவை கதாபாத்திரத்தின் சொந்த உணர்ச்சியும் அன்று, பார்வையாளரின் சொந்த உணர்ச்சியும் அன்று என்பது அவருடைய அடிப்படை. மேடையில் ஒரு தாய் அழும்போது ‘இது இன்னாருடைய துயரம்’ என்ற எல்லை கரைந்து துயரம் பொதுமையாகிறது. அவருக்கு முன்பே பட்ட நாயகர் முன்வைத்த இந்தக் கருத்தை அபிநவகுப்தர் எடுத்து வளர்த்தார். அந்தப் பொதுமைக்குத் தன்னைத் திறந்து கொடுப்பவரே ‘சஹ்ருதயர்’, ஒத்த நெஞ்சினர்.

இந்த நிலையை எட்டவிடாமல் தடுப்பவை ஏழு என்று அவர் பட்டியலிடுகிறார்: காட்டப்படுவது நம்பத்தகாததாக இருத்தல், ‘இது என்னுடையது, அது பிறருடையது’ என்ற இட, கால எல்லைக்குள் சிக்கிக்கிடத்தல், சொந்த இன்பதுன்பங்களில் மூழ்கியிருத்தல், உணர்வதற்கான வழிகள் குறைபட்டிருத்தல், தெளிவின்மை, முதன்மையானது முதன்மை பெறாமை, ஐயம். இவற்றில் சில படைப்பின் குறைகள், சில பார்வையாளரின் குறைகள். இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்ததில்தான் அவருடைய நுட்பம் இருக்கிறது. ஓர் அனுபவம் கைகூடாமல் போனால் அதற்குக் காரணம் திரையிலும் இருக்கலாம், இருக்கையிலும் இருக்கலாம்.

இன்றைய பார்வையாளர் அடிக்கடி சொல்லும் குறைகளை இந்தப் பட்டியலோடு வைத்துப் பார்க்கலாம். ‘லாஜிக் இல்லை’ என்பது முதல் தடையைக் குறிக்கிறது. ‘எதற்கு இத்தனை கிளைக்கதை’ என்பது ஆறாவதைக் குறிக்கிறது. ‘கனெக்ட் ஆகலை’ என்பது மட்டும் எந்தத் தடையைக் குறிக்கிறது என்று அதைச் சொல்பவரே தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பாத்திரம் தெளிவாக எழுதப்படாமல் இருந்திருக்கலாம். அல்லது பார்வையாளர் அன்று அலுவலகக் கவலையோடு அமர்ந்திருந்திருக்கலாம். தன் அபிமான நடிகருக்காகவே அரங்குக்கு வந்த ரசிகர் படம் முழுவதும் அந்த நடிகரின் வெற்றி தோல்வியையே பார்த்துக்கொண்டிருந்தால், அவர் சிக்கியிருப்பது மூன்றாவது தடையில். எதிர் நடிகரின் ரசிகர் சிக்கியிருப்பதும் அதே தடையில்தான்.

உணர்வதற்கான வழிகள் குறைபடுவது என்ற நான்காவது தடை இந்தக் காலத்தில் புது வடிவம் எடுத்திருக்கிறது. அரங்கத்துக்காக ஒலி வடிவமைக்கப்பட்ட படத்தைக் கைப்பேசியில், பேருந்து இரைச்சலில், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்ப்பவர் ‘ஒன்றுமே இல்லை’ என்று சொல்வது உண்டு. அவர் பார்த்த வகையில் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது அந்தப் படைப்பைப் பற்றிய கருத்து ஆகாது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாடு

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களிலிருந்து பிறக்கும் என்பது அதன் தனிச்சிறப்பு. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவை. வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை ஆகியவை. இவற்றில் இழவு என்பது பெற்றதை இழப்பது. அசைவு என்பது முன்பிருந்த நல்ல நிலையிலிருந்து தாழ்வது. உறுப்பறை உடலைச் சிதைப்பது. குடிகோள் குடும்பத்தையும் குடியையும் துன்புறுத்துவது. அலை வருத்தி அலைக்கழிப்பது. உணர்ச்சியின் பெயரோடு நிற்காமல், அது எதிலிருந்து எழுந்தது என்று கேட்கும் பழக்கத்தை இந்த அமைப்பு கற்பிக்கிறது.

2024இல் வெளியான ‘மெய்யழகன்’ படத்தை எடுத்துக்கொள்ளலாம். பிரேம்குமார் இயக்கிய அந்தப் படத்தில், சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து இளம்வயதில் ஊரைவிட்டுப் போன அருள்மொழி, பல ஆண்டுகள் கழித்து ஒரு திருமணத்துக்காகத் திரும்புகிறார். மணமேடையில், தங்கை முறையுள்ள மணப்பெண்ணுக்குக் கொண்டுவந்த நகைகளை அவர் எடுத்துத் தருகிறார். மரணமோ கொடுமையோ அந்தக் காட்சியில் இல்லை. இருந்தும் அரங்கில் பலர் கண்கலங்கினார்கள். அந்த அழுகையின் நிலைக்களம் இழவு. இழந்தது வீடு மட்டுமன்று, உறவுகளோடு கழிந்திருக்க வேண்டிய ஆண்டுகளும்தான் என்று அந்த மேடையில் தெரியவருகிறது. ‘அழ வைக்கிறார்கள்’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, எதற்காக அழ நேர்ந்தது என்று பார்த்தால் காட்சியின் தகுதி புலப்படுகிறது. பார்வையாளரை அழவைக்க ஒரு குழந்தையைக் கொன்றுவிடும் படத்துக்கும் இதற்கும் கண்ணீரின் அளவில் வேறுபாடு இல்லாமல் போகலாம். நிலைக்களத்தில் வேறுபாடு உண்டு.

அதே படம் நீளம் என்ற குறையையும் சந்தித்தது. வெளியான சில நாள்களில் சில காட்சிகள் குறைக்கப்பட்டன. நீளம் என்பது கடிகாரத்தைக் கொண்டு மட்டும் முடிவு செய்யத்தக்கதன்று. பெயர்கூட நினைவுக்கு வராத உறவினர் ஒருவரின் அன்புக்கு முன்னால் அருள்மொழி கூசிப்போவது அந்தக் கதையின் மையம். அந்தக் கூச்சம் ஓர் இரவு முழுவதும் வளர வேண்டும். அதை வளர்க்கும் உரையாடல் தேவையான நீளம். அதிலிருந்து விலகி நிற்கும் உரையாடல் மிகை. எது எது என்று காட்சி காட்சியாகச் சொல்லும்போதுதான் ‘இழுவை’ என்ற குறை கருத்தாக நிற்கிறது.

மெய்ப்பாட்டியலின் முடிவு, கண்ணாலும் செவியாலும் உறுதியாக உணரும் ஆற்றல் உள்ளவர்க்கே மெய்ப்பாட்டின் நயம் எட்டும் என்று கூறுகிறது. கவனித்தல் என்பது உடலின் பயிற்சியாகவே அங்கே கருதப்படுகிறது. கருத்துச் சொல்வதற்கு முன்னால் கண்ணும் செவியும் தம் வேலையைச் செய்திருக்க வேண்டும்.

ஹ்யூமும் கான்ட்டும்

ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹ்யூம் ரசனையின் அளவுகோல் பற்றி 1757இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அழகு பொருளில் இல்லை, உணர்பவர் மனத்தில்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டே அவர் தொடங்குகிறார். எனினும் எல்லாத் தீர்ப்புகளும் சமம் என்ற முடிவை ஏற்க மறுக்கிறார். ‘டான் கிஹோத்தே’ நாவலில் வரும் ஒரு கதையை அவர் எடுத்துக்காட்டுகிறார். ஒரு பீப்பாய் மதுவைச் சுவைத்த இருவரில் ஒருவர் அதில் தோலின் வாடை தெரிகிறது என்றார். மற்றவர் இரும்பின் சுவை தெரிகிறது என்றார். ஊர் இருவரையும் பார்த்துச் சிரித்தது. பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வார் கட்டிய ஒரு பழைய சாவி கிடந்தது.

நுண்ணிய உணர்வு, தொடர்ந்த பயிற்சி, ஒப்பிட்டுப் பார்த்தல், முன்முடிவு இன்மை, தெளிந்த அறிவு ஆகிய ஐந்தும் நல்ல மதிப்பீட்டாளருக்கு வேண்டும் என்பது ஹ்யூமின் முடிவு. இவற்றில் ஒப்பீடு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2024 ஆகஸ்ட் 23 நல்ல எடுத்துக்காட்டு. அன்று ‘வாழை’, ‘கொட்டுக்காளி’ ஆகிய இரு தமிழ்ப் படங்கள் ஒரே நாளில் வெளியாயின. மாரி செல்வராஜின் ‘வாழை’, விடுமுறை நாள்களில் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டிய சிறுவனின் கதை. பாடல்களும் பின்னணி இசையும் அவன் மகிழ்ச்சியோடும் வலியோடும் கூடவே நடக்கின்றன. பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசையே கிடையாது. வேற்றுச் சாதி இளைஞனைக் காதலிக்கும் மீனாவுக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சொல்லி, குடும்பமே திரண்டு அவளைச் சாமியாடியிடம் அழைத்துப் போகிறது. அவளை மணக்கவிருக்கும் பாண்டி தொண்டை கட்டிக் கரகரத்த குரலில் கத்துகிறான். பலிகொடுக்க எடுத்துச் செல்லும் சேவல் கட்டப்பட்டுக் கிடக்கிறது. ஆட்டோ என்ஜினின் இரைச்சல் ஓயாமல் கேட்கிறது. மீனா பேசுவதே அரிது.

‘வாழை’ நெஞ்சைத் தொட்டது, ‘கொட்டுக்காளி’ புரியவில்லை என்று சொன்னவர்கள் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்தால், இசை இல்லாமை ஒரு குறைபாடாக அல்லாமல் தேர்வாகத் தெரியத் தொடங்குகிறது. ‘வாழை’ பார்வையாளரைச் சிறுவனின் மனத்துக்குள் அழைத்துச் செல்ல விரும்புகிறது. அதற்கு இசை வேண்டும். ‘கொட்டுக்காளி’யில் மீனாவின் மனத்துக்குள் குடும்பத்தில் எவரும் நுழைந்து பார்க்கவில்லை. பார்வையாளரும் அந்த வண்டிகளில் செல்வோரில் ஒருவராக, அவள் முகத்தை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தபடி பயணிக்கிறார். அவள் என்ன உணர வேண்டும் என்று ஊரார் முடிவுசெய்யும் கதையில், அவள் என்ன உணர்கிறாள் என்று இசை சொல்லிவிட்டால் படம் தன் பொருளையே இழந்துவிடும். இதைக் கண்ட பிறகும் ஒருவருக்கு அந்தப் படம் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் ‘பின்னணி இசைகூட இல்லாத படம்’ என்று அதைக் குறையாகச் சொல்ல முடியாது. விருப்பம் அப்படியே இருக்க, தீர்ப்பு திருந்திவிடுகிறது.

ஜெர்மானியத் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட் 1790இல் வெளியிட்ட நூலில் இந்த வேறுபாட்டை இன்னும் கூர்மையாக்கினார். ஒரு மது இனிமையானது என்று சொல்பவர் ‘எனக்கு’ என்று சேர்த்துக்கொள்ள இசைவார். ஒன்றை அழகானது என்று சொல்பவர் அப்படிச் சேர்ப்பதில்லை; மற்றவரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். அந்த எதிர்பார்ப்பை விதிகளால் நிறுவ முடியாது. இத்தனை திருப்பங்கள், இத்தனை நிமிடங்கள் இருந்தால் நல்ல படம் என்று சூத்திரம் கிடையாது. ஒவ்வொருவரும் தாமே பார்த்துத்தான் ஒப்ப வேண்டும். இதற்கு அவர் ஓர் இளங்கவிஞனை எடுத்துக்காட்டுகிறார். தன் கவிதை அழகானது என்று நம்பும் அவனை நண்பர்களின் தீர்ப்போ பொதுமக்களின் தீர்ப்போ அசைப்பதில்லை. பிற்காலத்தில் பயிற்சியால் அவன் மதிப்பிடும் திறன் கூர்மையானபோது, அவனே தன் பழைய தீர்ப்பிலிருந்து விலகுகிறான். பெரும்பான்மைக்குப் பணிந்து கருத்தை மாற்றுவது திருந்துதல் ஆகாது. வசூல் தொகையும் நட்சத்திர மதிப்பெண்ணும் எவருடைய கருத்தையும் பொய்யாக்குவதில்லை, மெய்யாக்குவதும் இல்லை.

பிறப்பும் வளர்ப்பும் எழுப்பும் மறுப்பு

இந்த வாதங்களுக்கு வலுவான மறுப்பு பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூவிடமிருந்து வந்தது. 1979இல் வெளியான தம் நூலில், ரசனை என்று போற்றப்படுவது பெரும்பாலும் வர்க்கத்தின் முத்திரை என்று அவர் காட்டினார். எந்த இசையை, எந்த ஓவியத்தை ஒருவர் உயர்ந்தது என்கிறார் என்பதை அவருடைய கல்வியும் குடும்பச் சூழலும் பெரிதும் தீர்மானிக்கின்றன. ‘நல்ல ரசனை’ என்ற பெயரில் மேல்தட்டினர் தம்மைப் பிறரிடமிருந்து வேறுபடுத்திக்கொள்கிறார்கள்.

தமிழ்ச் சூழலில் இந்த மறுப்பைப் புறக்கணிக்க இயலாது. வெகுமக்கள் விசிலடித்து ரசிக்கும் படத்தை மட்டமென்று ஒதுக்குவதும், சாதியைப் பேசும் படத்தைக் ‘கலை இல்லை, பிரச்சாரம்’ என்று தள்ளுவதும், கிராமத்துப் படத்தின் வட்டார வழக்கைப் புரியவில்லை என்று குறையாக்குவதும் பல நேரங்களில் ரசனையின் பெயரால் நிகழும் சமூகச் செயல்கள். ‘வாழை’யில் தோளில் தார் அழுத்தும் காட்சியைப் பார்த்து, சுமை தூக்கி வளர்ந்தவரின் உடல் அறிவதை மற்றவர் உடல் அறிவதில்லை.

எனினும் இந்த மறுப்பு தீர்ப்பையே இல்லாமல் ஆக்கிவிடவில்லை. வளர்ப்பு, பார்வை தொடங்கும் இடத்தைத் தீர்மானிக்கிறது. முடியும் இடத்தைத் தீர்மானிப்பதில்லை. சுமை தூக்காதவர்களும் அந்தக் காட்சிக்குப் பிறகு வாழைப்பழத்தின் விலையை வேறு விதமாக எண்ணிப் பார்த்தார்கள் என்றால், கலை அவர்களைத் தம் பிறப்பின் எல்லைக்கு வெளியே கொண்டுவந்திருக்கிறது. அபிநவகுப்தர் சொன்ன இரண்டாவது தடை விலகுவது இப்படித்தான். பூர்தியூவின் எச்சரிக்கை நல்ல பார்வையாளருக்கு ஒரு கூடுதல் கேள்வியைத் தருகிறது: இந்த வெறுப்போ வியப்போ திரையிலிருந்து வந்ததா, தன் வீட்டிலிருந்து வந்ததா?

காட்டுவதும் ஏற்பதும்

மூன்றாவது கூற்றான அறக் கருத்தில் குழப்பம் இன்னும் அதிகம். பிளேட்டோ தம் இலட்சிய நகரத்தில் கவிஞர்களுக்கு இடம் மறுத்தார். அடக்க வேண்டிய உணர்ச்சிகளுக்குக் கவிதை நீர் வார்க்கிறது என்பது அவர் அச்சம். அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில், துன்பியல் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி அவற்றைத் தூய்மைப்படுத்துகிறது என்றார். இந்தியாவில் இதற்கு இணையான விவாதம் வேறு கோணத்தில் நடந்தது. எல்லா ரசங்களும் இறுதியில் ஆனந்தமே என்றார் அபிநவகுப்தர். ஹேமசந்திரரின் மாணவர்களான சமணத் துறவிகள் ராமசந்திரரும் குணசந்திரரும் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய நாட்டிய தர்ப்பணத்தில் இதை மறுத்தார்கள். அவலமும் அச்சமும் அருவருப்பும் சினமும் துன்பமாகவே உணரப்படுகின்றன; புலவனும் நடிகனும் காட்டும் திறனுக்காகவே மக்கள் அவற்றைத் தேடிச் செல்கிறார்கள் என்றார்கள். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட மரபிலிருந்து இந்தக் குரல் எழுந்தது பொருத்தமானது. துன்பத்தைத் துன்பமென்றே ஒப்புக்கொள்வதில் ஒரு நேர்மை இருக்கிறது.

வெற்றிமாறனின் ‘விடுதலை’ முதல் பாகம் 2023இல் வந்தபோது, காவல்துறை விசாரணையில் கிராமத்துப் பெண்கள் சித்திரவதைக்கு உள்ளாகும் காட்சிகளைத் தாங்க முடியவில்லை என்று சொன்னவர்கள் பலர். தாங்க முடியாதது என்பது உண்மையான கருத்து. அது துன்பமாகத்தான் இருக்க வேண்டும். தேவையற்றது என்று சொல்வதற்கு இன்னொரு படி வேண்டும். அந்தக் காட்சிகள், குமரேசன் என்ற எளிய காவலர் தலைமறைவுத் தலைவரைப் பிடிக்க ஓடும் ஓட்டத்தோடு மாற்றி மாற்றித் தொகுக்கப்பட்டிருக்கின்றன. அவர் ஓடுவது இந்தப் பெண்களின் வதையை நிறுத்துவதற்காக. வதை நிகழும் ஒவ்வொரு கணமும் ஓட்டத்துக்கு அவசரத்தைக் கூட்டுகிறது. நல்லெண்ணம் கொண்ட ஒருவர் எந்த இயந்திரத்தின் உறுப்பாக ஓடுகிறார் என்பதையும் காட்டுகிறது. இந்த அமைப்பைக் கண்ட பிறகு, ‘இதே பொருளை இன்னும் குறைவாகக் காட்டி அடைந்திருக்க முடியாதா’ என்று கேட்பவரின் கேள்வி கனமானது. அமைப்பைக் காணாமல் ‘வன்முறைப் படம்’ என்பவரின் தீர்ப்புக்கு அந்தக் கனம் இல்லை.

2024இல் வந்த நித்திலன் சாமிநாதனின் ‘மகாராஜா’ இன்னும் கடினமான எடுத்துக்காட்டு. காணாமல்போன இரும்புக் குப்பைத்தொட்டியைத் தேடித் தரும்படி முடிதிருத்துநர் ஒருவர் காவல் நிலையத்தில் வந்து நிற்கிறார். காலத்தை முன்பின் மாற்றி அடுக்கிய கதை, அவருடைய மகளுக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமையைப் பிற்பகுதி வரை மறைத்துவைக்கிறது. ஒரு தரப்பு, பெண்ணின் துயரத்தைத் திருப்பமாகப் பயன்படுத்துவது அறமாகாது என்கிறது. அவளுடைய வலி, அந்தத் தந்தைக்கும் குற்றவாளியான இன்னொரு தந்தைக்கும் இடையிலான கணக்கைத் தீர்க்கும் கருவியாகிவிட்டது என்கிறது. மறுதரப்பு, தந்தையின் விசித்திரமான பிடிவாதத்துக்குப் பின்னால் இருக்கும் வேதனையைப் பார்வையாளர் தாமதமாக உணர்வதே படத்தின் அடி என்கிறது. பாதிக்கப்பட்டவளே குற்றவாளியை நேரில் சந்தித்துப் பேசும் காட்சியைச் சான்றாகக் காட்டுகிறது. இரு தரப்பும் படத்தில் உள்ள ஒன்றையே சுட்டுகின்றன. அதனால் இது பயனுள்ள விவாதம். மெய்ப்பாட்டியல் சொல்லும் வெகுளியின் நான்கு நிலைக்களன்களும் இந்தப் படத்தில் திரண்டிருக்கின்றன. பார்வையாளரின் சினம் எளிதில் கிளர்கிறது. கிளர்ந்த சினம் தண்டனையைக் கண்டு தணிந்த பிறகு, அந்தப் பெண் நினைவில் எவ்வளவு இடம் பெறுகிறாள் என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுப் பார்ப்பது இந்த விவாதத்தைத் தீர்க்க உதவும்.

தீமையைக் காட்டுவது தீமையை ஏற்பதாகாது. ஆனால் தீமைக்கு உரிய கண்டனக் குறி இல்லாமல் அதைக் காட்டும் படைப்பு அந்த அளவுக்கு ஊனப்பட்டதே என்று ஹ்யூம் தம் கட்டுரையின் இறுதியில் சொல்கிறார். கண்டனம் வசனமாக வர வேண்டியதில்லை. கேமரா யாரருகில் நிற்கிறது, எந்தக் கணத்தில் விலகுகிறது, யாருக்கு இசை வாசிக்கப்படுகிறது என்பவற்றிலேயே அது இருக்கும்.

தொடர்களை மதிப்பிடுதல்

வலைத்தொடர்கள் இந்தக் கேள்விக்குப் புதிய சிக்கல்களைச் சேர்த்திருக்கின்றன. எட்டு மணிநேரத் தொடரின் முதல் அத்தியாயத்தைப் பார்த்து நிறுத்திவிட்டவருக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை உண்டா என்பது அவற்றில் ஒன்று. தொடக்கம் தன்னை ஈர்க்கவில்லை என்று அவர் சொல்லலாம்; முழுமையைப் பற்றிச் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. அடுத்த அத்தியாயம் தானாகவே ஓடத் தொடங்கும் வசதியும் கருத்தைக் கலங்கடிக்கிறது. விடிய விடியப் பார்த்து முடித்தது தொடரின் சிறப்பையும் காட்டலாம், முடிச்சை அவிழ்க்காமல் விட்டு அடுத்ததைப் பார்க்கவைக்கும் உத்தியின் வலிமையையும் காட்டலாம்.

2025 மார்ச் மாதம் நெட்ஃபிளிக்ஸில் வெளியான பிரிட்டிஷ் தொடர் ‘அடலசென்ஸ்’ இவ்வகையில் பார்க்கத்தக்கது. பள்ளியில் உடன்படிக்கும் சிறுமியைக் கொன்றதாகக் கைதாகும் 13 வயதுச் சிறுவன் ஜேமியைப் பற்றிய அந்தத் தொடரில் நான்கே அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் வெட்டே இல்லாத ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்டது. அந்தத் தொழில்நுட்பச் சாதனை பரவலாகப் பாராட்டப்பட்டது. பாராட்டு அதோடு நின்றுவிட்டால் அது கழைக்கூத்துக்குத் தரும் கைத்தட்டலாகிவிடும்.

மூன்றாம் அத்தியாயத்தில், ஓர் அறையில் ஜேமியும் அவனை மதிப்பிட வந்த உளவியலாளர் பிரையனியும் பேசுகிறார்கள். அவனுக்காக அவர் ஒரு சாண்ட்விச் கொண்டுவந்திருக்கிறார். பேச்சு இதமாகத் தொடங்கி, மிரட்டலாக மாறி, மீண்டும் குழந்தையின் கெஞ்சலாகிறது. வெட்டு இல்லாததால் அவருக்கும் தப்பிக்க வழியில்லை, பார்வையாளருக்கும் இல்லை. சிறுவனை இழுத்துச் சென்ற பிறகு தனித்திருக்கும் பிரையனி, அவன் கடித்துவைத்த சாண்ட்விச்சைத் தொட்டு, சட்டென்று கையை எடுத்துக்கொள்கிறார். சற்று முன்வரை கனிவோடு தந்த உணவு அருவருப்பாகிவிட்டது. அந்தச் சிறுவன் குழந்தையா, அச்சுறுத்தும் ஆணா என்ற கேள்விக்கு அவர் உடல் ஒரு விடையை வைத்திருக்கிறது. அவர் மனம் அதை ஏற்கத் தயங்குகிறது. ஒரே ஷாட் என்ற உத்தி இந்தத் தயக்கத்துக்காகவே என்று கண்டவர், தொழில்நுட்பத்தையும் பொருளையும் சேர்த்துப் பார்த்தவர் ஆகிறார்.

யார் கொன்றது என்பதைத் தொடர் மறைத்துவைக்கவில்லை. ஏன் என்பதைத்தான் துருவுகிறது. ‘ட்விஸ்ட் இல்லை’ என்று அதைக் குறை சொன்னால், அந்தத் தொடர் தன்முன் வைத்துக்கொள்ளாத கேள்விக்கு விடை கேட்பதாகும். கொல்லப்பட்ட சிறுமி கேட்டிக்குத் தொடரில் போதிய இடம் இல்லை என்ற விமர்சனம் அப்படிப்பட்டதன்று. கொன்றவனின் மனத்தை இத்தனை அக்கறையோடு ஆராயும் படைப்பு கொல்லப்பட்டவளை எங்கே வைக்கிறது என்ற கேள்வி, படைப்பு தானே எழுப்பிய பொருளிலிருந்து பிறப்பது. தொடருக்குள்ளேயே ஒரு காவல் அதிகாரி இந்தக் குறையை வாய்விட்டுச் சொல்கிறார்.

கருத்துக்கு உரிய கடமைகள்

இந்த மரபுகளை ஒருங்கே வைத்தால், திரைப்படக் கருத்தைச் சரிபார்க்கும் வழி ஒன்று தெளிவாகிறது. விருப்பத்தை எவரும் திருத்த முடியாது, திருத்தத் தேவையும் இல்லை. தீர்ப்பு அப்படியன்று. அது படைப்பில் உள்ள ஏதோ ஒன்றைச் சுட்டுகிறது. சுட்டப்பட்டது அங்கே இருக்கிறதா என்று மற்றவரும் போய்ப் பார்க்கலாம். இருந்தால் தீர்ப்பு வலுப்பெறும், இல்லாவிட்டால் விழும். அறக் கருத்துக்கு இன்னும் ஒரு படி கூடுதல்: என்ன காட்டப்பட்டது என்பதோடு, அதன்மேல் படைப்பு கொண்டுள்ள பார்வை எது என்பதையும் காட்ட வேண்டும்.

எனவே கருத்துச் சொல்பவருக்குச் சில கடமைகள் உண்டு. படைப்பை அது கேட்கும் முறையில் முழுமையாகப் பார்த்திருக்க வேண்டும். பிடித்ததையும் சிறந்ததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். குறையையோ நிறையையோ ஒரு காட்சியைத் தொட்டுக் காட்ட வேண்டும். தன் பிறப்பும் பற்றும் கண்ணை மறைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தனக்குத் தெரியாத வாழ்வைப் பற்றிய படத்தில், அந்த வாழ்வை அறிந்தவர் சொல்லுக்குச் செவி கொடுக்க வேண்டும். மறுபடி பார்த்தபோது பழைய தீர்ப்பு நிற்கவில்லை என்றால் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். ஊர் முழுவதும் எதிராகப் பேசினாலும், பார்த்தது அங்கே இருக்கிறது என்றால் அதில் நிலைத்து நிற்க வேண்டும்.

இவை விமர்சகர்களுக்கு மட்டும் உரிய கடமைகள் அல்ல. ஒரு படத்தை ஆண்டுக்கணக்கில் பலர் உழைத்து உருவாக்குகிறார்கள். அதில் வரும் துயரங்கள் பல, உண்மையில் எங்கோ எவரோ பட்டவை. அவற்றைப் பற்றி ஒரு வரியில் சொல்லும் கருத்தும் அந்த உழைப்புக்கும் அந்த வாழ்வுக்கும் நேர்மையாக இருக்கக் கடமைப்பட்டது. அந்த நேர்மை உள்ள கருத்து மற்றவரின் ஒப்புதலைப் பெறாவிட்டாலும், அவர்களைப் படைப்பின் பக்கம் இன்னொரு முறை திரும்பிப் பார்க்கவைக்கும். தனிமனிதக் கருத்தின் பயன் அதுவே.